கூட்டுச்சொல்லும் கூட்டுக்குரலும்

போட்டாதாங்கில் கயிற்றுக் கடைக்கு மேல்மாடியில் நார்வே மொழி சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரு ஆறுதல் வார்த்தை. யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு எதற்கு நார்வே மொழி என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். கொரிய மொழிக்கும் ஜப்பான் மொழிக்கும் தெருவுக்கு நாலு பள்ளிக்கூடம் இருக்கிறது. நார்வேக்கு நாம் மட்டும்தான். போட்டியே இல்லாத பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். நம் பிரின்சிபால் ஊ தேவா இந்தப் பெருமையை வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் கதை சுருக்கம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அப்பாவைப் போலவே மேசை உத்தியோகத்துக்குப் போனவள் நான். வெளிநாட்டு அமைப்புகள் யாங்கோனில் வந்து குவிந்த காலத்தில் ஒரு நார்வேத் தொண்டு அமைப்பின் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. அங்கே கணக்குப் பார்த்த அம்மாள் வடக்கு நார்வேக்காரர். அவருக்குப் பேச ஆள் இல்லை, எனக்கு மத்தியானத்தில் வேலை இல்லை. அப்படித்தான் அந்த மொழி என்னிடம் ஒட்டிக்கொண்டது. பிறகு அமைப்பு மூட்டை கட்டிக்கொண்டு போனது. ஊ தேவா வந்து கூப்பிட்டார், போனேன். இப்போது ஓய்வு பெற்று, மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

பாடப் புத்தகத்தில் இருப்பதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஆனால் கூட்டுச்சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நார்வேக்காரர்களுக்குப் பெயர்ச்சொற்களைத் தனித்தனியாகத் திரியவிடப் பிடிக்காது. இரண்டையோ மூன்றையோ பிடித்து இடைவெளி விடாமல் ஒட்டிவிடுவார்கள். ‘ஸ்யூக்கெ’ என்றால் நோய்ப்பட்டவர், ‘யெம்’ என்றால் வீடு. சேர்த்தால் ஸ்யூக்கெயெம், தாமாக எழுந்து நடமாட முடியாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். இப்படிச் சேர்ந்த சொல்லில் அழுத்தம் முதல் துண்டின் மேல் விழவேண்டும். பின்னால் வருவது அடங்கி ஒலிக்கும், ஆனால் விழுங்கப்படாது. அந்தச் சொல் எந்தப் பால் என்பதை மட்டும் கடைசித் துண்டுதான் தீர்மானிக்கும். அதாவது, சத்தம் முன்னால் நிற்பவருடையது, முடிவு பின்னால் இருப்பவருடையது. நம் பள்ளிக்கூடத்தில் சில மாதம் வேலை பார்த்தால் இந்த விதி தானாகவே விளங்கிவிடும். ஊ தேவாவின் மனைவியை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இது நமக்கு ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. மருந்தும் கடையும் சேரும்போது தமிழில் நடுவில் ஒரு ‘க்’ வந்து, இந்த இரண்டும் கல்யாணம் ஆனவை என்று சாட்சி சொல்கிறது. பர்மிய மொழியிலும் மருந்துக் கடைக்கு இரண்டு சொல்லைத்தான் சேர்க்கிறார்கள். அங்கே இரண்டாவது சொல்லின் முதல் ஒலி கொஞ்சம் குழைந்துவிடும். நார்வேயில் அந்த வேலையை அழுத்தம் செய்கிறது. எல்லாத் துண்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் கேட்பவர் காதில் அது ஒரு சொல்லாக விழாது, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு சொற்களாக விழும்.

இதை ஊ தேவாவிடம் நான் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இலக்கணமெல்லாம் வேணாம் சயாமா, கை தட்டினா போதும்” என்றார். சயாமா என்றால் டீச்சரம்மா, இங்கே எல்லோருக்கும் நான் அதுதான். அவர் கண்டுபிடித்ததுதான் கைதட்டல் முறை. அசைக்கு ஒரு தட்டு, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில். ஸ்யூக், தட்டு. கெ, தட்டு. யெம், தட்டு. எந்த அசைக்கும் பாரபட்சம் கிடையாது. நார்வேக்காரர்கள் எந்த ஒரு வேற்றுமையைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்கிறார்களோ அதை மட்டும் கவனமாகத் துடைத்துவிட்ட முறை அது. ஆனால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். சேர்க்க வந்த பெற்றோர் படிக்கட்டில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே பணம் கட்டினார்கள். கீழே கயிறு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள்கூடச் சில நாள் பதிலுக்குத் தட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் தட்டியதில் தாளம் நன்றாக இருந்தது.

கைதட்டலைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அதற்கு அடியில் இருந்த வழக்கம்தான் ஆபத்தானது. நம் ஊரில் ‘ஆனாதே’ என்று ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று நாம் முந்திக்கொண்டு சங்கடப்படுவது. வகுப்பில் ஒருவனுக்குப் புரியவில்லை என்றால், அதைச் சொன்னால் டீச்சர் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று ஆகிவிடுமே என்று அவன் புரிந்தது என்பான். இதனோடு நம் தமிழ் மிஷன் பள்ளிக்கூடத்து ‘எஸ் டீச்சர்’ கோரஸும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஆசிரியர் “புரிந்ததா” என்று கேட்பார், வகுப்பு “யா”, அதாவது ஆமாம், என்று கூரை அதிரச் சொல்லும், எல்லோரும் மரியாதையாக ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வகுப்பில்தான் செல்வி இருந்தாள். தாகேதாவிலிருந்து பஸ் மாறி வருவாள். நர்ஸ் படிப்பு முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் இல்லை, ஒரே மகன். பையனுக்குப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இப்போது பதினெட்டு வயது என்றால் பட்டாளத்துக்குப் பெயர் எழுதும் வயது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. வடக்கு நார்வேயில் ஒரு சின்னக் கடற்கரை ஊர், அங்கே ஒரு ஸ்யூக்கெயெம், ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால், பதினெட்டு ஆவதற்குள் மகனையும் கூடவே அழைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஒரே ஒரு நேர்காணல். அதில் தவறினால் இன்னொரு தடவை தேடிப் பிடிப்பதற்குள் பையனின் பிறந்தநாள் வந்துவிடும்.

“சயாமா, வாய் எனக்கு வராது. கூட்டத்தோட சொன்னா வருது, தனியா சொன்னா தொண்டைய அடைக்கிது” என்றாள் என்னிடம்.

“என்கிட்ட இப்பத் தனியாத்தான பேசுற?”

“இது தமிழு, சயாமா.”

நேர்காணல் நம் பள்ளிக்கூடத்திலேயே நடக்கட்டும் என்று ஊ தேவா பெரிய மனதோடு சொன்னார். செல்வியின் வீட்டில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, இங்கே கயிற்றுக் கடைக்காரரின் ஜெனரேட்டர் இருந்தது. அதுவரை நல்ல யோசனைதான். அன்று மத்தியானம் நான் மாடி ஏறிப் பார்த்தபோது கல்யாண வீடு போல இருந்தது. மழைக்காலத்தில் நம் சுவர்களெல்லாம் பூஞ்சணம் பூத்துப் போயிருக்கும், உங்களுக்குத் தெரியும். கதவு இருக்கும் சுவர் ஒன்றுதான் பார்க்கும்படி இருந்தது. அதில் நார்வேக் கொடியை மாட்டி, அதற்கு முன்னால் செல்வியை உட்கார வைத்திருந்தார். மேசையில் பூச்சாடி. கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம், கேமராவில் படாத இடத்தில், வகுப்பு முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் அட்டை, கையில் தடித்த பேனா. பதில் எழுதித் தூக்கிக் காட்டுவதற்காம். எனக்கும் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தார்.

“எது கேட்டாலும் முதல்ல ‘யா’ன்னு சொல்லிடும்மா. அப்பறம் எங்களப் பாரு. நாங்க இத்தன பேர் இருக்கோம்ல” என்று செல்விக்குத் தைரியம் சொன்னார்.

திரையில் வந்த அம்மையார் கம்பளிச் சட்டையும் காப்பிக் குவளையுமாக இருந்தார். பெயர், படிப்பு, ஆஸ்பத்திரி அனுபவம் என்று கேட்டார். செல்வி தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டாள். வகுப்பு சத்தமில்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஒரு நிலைமையைச் சொன்னார். ஒரு கிழவர் இருக்கிறார், ராத்திரியில் கட்டிலிலிருந்து விழுந்துவிடலாம். ஆனால் அவருக்கு ‘ஸெங்ஙெஹெஸ்ட்’ வேண்டாம். நீ அதை ஏற்றிவைப்பாயா?

செல்வியின் கண் அகன்றது. அந்தச் சொல் எங்கள் பாடத்தில் இல்லை. “யா” என்றாள்.

அவர் வேண்டாம் என்று சொன்னாலுமா?

“யா.”

அம்மையார் புருவத்தை உயர்த்தி ஏதோ குறித்துக்கொண்டார். ஊ தேவா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வகுப்பில் கெட்டிக்காரன் ஒருவன் கூட்டுச்சொல்லைப் பிரித்துவிட்டான். ‘ஸெங்’ என்றால் கட்டில், ‘ஹெஸ்ட்’ என்றால் குதிரை. பிரித்தது முழுக்கச் சரி. ‘கட்டில் + குதிரை’ என்று அட்டையில் எழுதி உயர்த்தினான். ஊ தேவா அதை வாங்கித் தன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். இன்னொரு பெண் பாவம், உதவியாக இருக்கட்டும் என்று குதிரைப் படம் வரையத் தொடங்கினாள். செல்வி அந்த அட்டைகளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கிழவர், ராத்திரி நேரம், அவருக்குப் பிடிக்காத ஒரு குதிரை, அதைத் தான் கட்டிலில் ஏற்றிவைக்கச் சம்மதித்துவிட்டோம் என்று அவளுக்கு மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தச் சொல் தெரியும். நோயாளி விழாமல் இருக்கக் கட்டிலின் பக்கவாட்டில் தூக்கிவிடும் கம்பித் தடுப்பு அது. ஏன் குதிரை என்றால், அது நார்வேக்காரர்களின் பாடு. ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அதை ஏற்றிவைப்பது அங்கே கட்டிப்போடுவதற்குச் சமம். செல்வி இரண்டு தடவை சம்மதம் சொன்னது அதற்குத்தான்.

கையில் பேனா இருந்தது, அட்டை இருந்தது. மூன்று வார்த்தை எழுதிக் காட்டினால் அவள் பிழைத்துக்கொள்வாள். எழுதத்தான் போனேன். மூடியைக் கழற்றிவிட்டேன். அப்போது நினைத்தேன், சரி, இன்றைக்கு நான் எழுதுகிறேன். அந்தக் கடற்கரை ஊரில், அந்தக் கிழவரின் அறையில், அட்டை பிடிக்க யார் இருப்பார்கள்? புரியாமல் ‘யா’ சொல்லும் நர்ஸ் அங்கே எந்த மருந்தை யாருக்குக் கொடுப்பாள்? இன்னொரு பக்கம் அந்தப் பையனின் முகம். ஒரு தடவை கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறேன், மீசை சரியாக முளைக்காத முகம். நான் எழுதாமல் விட்டு அவளும் தோற்றால், அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? துணிச்சலோடு முடிவெடுத்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இத்தனை பேர் இருக்கும்வரை இவள் வாய் திறக்க மாட்டாள் என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எழுந்து நின்றேன். “எல்லாரும் வெளிய போங்க” என்றேன்.

“சயாமா, என்னா இது” என்று ஊ தேவா கிசுகிசுத்தார்.

“நீங்களும்தான். வாங்க.”

அவர் எழுந்தார். டீச்சர் சொன்னால் எழுந்துவிடும் பழக்கம் அவருக்கும் உண்டு. ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. அறைக்கு இருந்த ஒரே கதவு செல்வியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெளியே போவதென்றால் கேமராவைக் கடந்துதான் போகவேண்டும். பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நடப்பது நம் ஊரில் மரியாதை இல்லை. அந்த அம்மையாரோ திரையில் எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆகவே வகுப்பு முழுவதும் இடுப்பை வளைத்து, வலது கையை முன்னால் நீட்டி, ஒருவர் பின் ஒருவராக நார்வேக் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து கடந்து போனது. அட்டைகளைக் கீழே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பாதி வரைந்த குதிரையும் போனது. கடைசியாக ஊ தேவா, மற்றவர்களைவிட அதிக மரியாதையோடு, ஏறக்குறைய தவழ்ந்து போனார். அவருக்குப் பின்னால் நான்.

கதவைச் சாத்தினேன். நம் கதவு ஒட்டுப்பலகை, உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். முதலில் வந்தது அம்மையாரின் குரல், யார் இவர்களெல்லாம் என்று.

“போச்சு” என்று ஊ தேவா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “பள்ளிக்கூடத்து மானமே போச்சு.”

உள்ளே செல்வி பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. என் வகுப்புக்காரர்கள். எனக்கு உதவ வந்தார்கள். இப்போது நான் தனியாக இருக்கிறேன். நான் யா என்று சொன்னேன். எனக்குப் புரியவில்லை. ஸெங்ஙெஹெஸ்ட் என்றால் என்ன?

ஸெங், அழுத்தம் அங்கே. மீதி தானாக அடங்கி வந்தது. மாதக்கணக்கில் கைதட்டி வராத அழுத்தம், அவளுக்கே நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தபோது இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. வெளியே நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அம்மையார் முதலில் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு மெதுவாக விளக்கினார், ஏதோ வரைந்தும் காட்டினார் போலிருக்கிறது. செல்வி “ஆங்” என்றாள், அது எந்த மொழியிலும் ஆங்தான். அப்புறம் சொன்னாள், எங்கள் வீட்டில் குதிரை இல்லை, நாற்காலிதான். அம்மா படுக்கையில் இருந்தபோது பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டேன். அம்மா ஜெயில் என்று அழுதார். நாற்காலியை எடுத்துவிட்டு நான் கீழே பாய் போட்டுப் படுத்தேன். நார்வேயில் நான் கீழே படுக்க முடியாது. அதனால் அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று முதலில் கேட்பேன். பிறகு மூத்த நர்ஸைக் கேட்பேன். எனக்குப் புரியாவிட்டால் மறுபடியும் கேட்பேன்.

வாக்கியங்களில் தப்பு இருந்தது. வினைச்சொல் எங்கெங்கோ நின்றது. ஆனால் எனக்கு அதற்குள் எதுவும் சரியாகக் கேட்கவில்லை, படிக்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஊ தேவா என் தோளைத் தட்டி, “விடுங்க சயாமா, அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்” என்று ஆறுதல் சொன்னார்.

வேலை கிடைத்தது. புரியவில்லை என்று சொல்லத் தெரிந்த ஒருத்தியைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம் என்று அந்த அம்மையார் எழுதியிருந்தார். அம்மாவும் மகனும் விமான நிலையத்தில் உள்ளே போகும்வரை என்னால் மூச்சை ஒழுங்காக விட முடியவில்லை. பையன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். பதினெட்டு ஆக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. ஆனால் ஊ தேவா வெற்றியிலிருந்து பாடம் கற்றுக்கொள்பவர். மறுவாரமே புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ‘எனக்குப் புரியவில்லை’ என்பதற்கு நார்வே மொழியில் ‘யாய் ஃபொஷ்டோர் இக்கெ’. அதை அசைக்கு ஒரு தட்டாக, வகுப்பு முழுவதும் ஒரே குரலில். உச்சரிப்புக்குத் தனி மதிப்பெண், தனிக் கட்டணம். வாசல் பலகையிலும் ஒரு வரி ஏறியது. அடுத்து நேர்காணலுக்குப் போன தம்பி நல்ல பையன், நன்றாகப் படிப்பவன். உன் பெயர் என்ன என்று கேட்டார்கள். யாய் ஃபொஷ்டோர் இக்கெ என்றான், அட்சரம் பிசகாமல்.

அதற்குப் பிறகு நான் அதிக காலம் அங்கே இருக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், எத்தனை பேர் சேர்ந்து சத்தம் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவனைத் தனியாகப் பேசவிடும்போது அவன் தோற்றுப் போகலாம், அந்தப் பழி உங்கள் மேல்தான் விழும். என் மேல் அது விழாமல் போனது செல்வியின் கெட்டிக்காரத்தனம், என்னுடையது இல்லை. இருந்தாலும் பேனாவைக் கீழே வையுங்கள்.

என் பிரிவு உபசாரத்தன்று நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தீர்கள். விருந்துக்கு வைத்த மொஹிங்கா மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இந்தக் கதை முழுவதையும் அன்றைக்கே உங்களுக்குச் சொன்னேன், நார்வே மொழி ஆசிரியர்கள் ஆயிற்றே என்று நார்வே மொழியிலேயே. முடித்ததும், புரிந்ததா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் “யா” என்றீர்கள். அதனால்தான் இப்போது தமிழில் எழுதுகிறேன்.